கதவைச் சாத்துங்க

— டேய் பெயிண்டர், கதவு தொறந்து அரை மணி நேரம் ஆச்சு. எந்திரிச்சு வாடா. நான் என்ன உன்னைத் தூக்குக்கா கூப்பிடறேன்?

— வரலய்யா.

— மத்த தடவையெல்லாம் சாவிச் சத்தம் கேட்டதுமே வாசல்ல வந்து நிப்பே. இன்னைக்கு என்ன வந்துச்சு உனக்கு?

— அண்ணே, அதட்டாதீங்க. ஒரு நிமிஷம், நான் பேசிப் பாக்கறேன்.

— பேசுங்க டாக்டரம்மா, தாராளமா பேசுங்க. மணி நாலு முப்பத்தஞ்சு. நாலு அம்பதுக்குள்ள இவன் வெளிய வரலைன்னா தடியோட பத்துப் பேரை அனுப்பறேன்னு சூப்பரண்டு சொல்லிட்டாரு. ஹெல்மெட்டு, கேடயம், சகலமும் மாட்டிக்கிட்டு வருவானுங்க. வந்தா பேச்சே கிடையாது. அள்ளிட்டுப் போறதுதான்.

— பெயிண்டர், என்னைத் தெரியுதா?

— தெரியுது. திங்கக்கிழமை டாக்டர்.

— அதென்ன திங்கக்கிழமை டாக்டர்?

— திங்கக்கிழமை காலையில இந்தக் கதவு ஓட்டையில ஒரு கண்ணு தெரியும். நல்லா இருக்கீங்களான்னு கேக்கும். நல்லா இருக்கேம்பேன். கண்ணு போயிடும். உங்க முழு மூஞ்சியை இன்னைக்குத்தாம்மா பாக்கறேன்.

— நான் சேர்ந்தே ரெண்டு வாரம்தான் ஆகுது. நாப்பது அறை, ஒரு மணி நேரத்துல பாத்து முடிக்கணும்... சரி, விடுங்க, அது சாக்கு. இன்னைக்கு நல்ல சேதியோட வந்திருக்கேன். உங்களைப் பொது பிளாக்குக்கு மாத்தறாங்க. மத்தவங்களோட இருக்கலாம், பேசலாம். காலையில நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

— எதுலம்மா போட்டீங்க?

— தகுதிச் சான்றுல. உங்க உடம்பும் மனசும் தாங்கும்னு.

— எதைத் தாங்கும்னு? ஐயாவைக் கேளுங்க.

— அண்ணே?

— நமக்கேன் வம்பு டாக்டரம்மா. முதல்ல அவனை வெளிய கூப்பிடுங்க.

— அண்ணே, என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுங்க. சாவிக்கொத்தை அப்புறம் பாக்கலாம். அது எதுக்கான தகுதி?

— இன்னொரு பதினாலு நாள் தனிச் சிறையில போடலாம்கிற தகுதி.

— இல்லையே. அறையிலிருந்து வெளியேற்றன்னு மேல கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. நான் படிச்சேன்.

— முன்பக்கம் அதுதான். வெளியேத்துவோம். கால் மணி நேரம் முற்றத்துல நடக்க விடுவோம். அப்புறம் பக்கத்து அறையில வெச்சுப் பூட்டுவோம். அது பின்பக்கம் இருக்கு. மாத்திரைச் சீட்டோட சேர்த்துக் கட்டா கொண்டாந்து நீட்டுவான் கிளார்க்கு. மொதல்ல எந்த டாக்டரும் திருப்பிப் பாக்கறதில்ல.

— பக்கத்து அறைக்கு எதுக்கு மாத்தணும்? ரெண்டும் ஒரே மாதிரி அறைதானே?

— அச்சு அசல் ஒரே மாதிரி. புதுச் சட்டம் வந்துச்சில்ல, அதுக்காகத்தான். தொடர்ந்தாப்ல பதினாலு நாளுக்கு மேல ஒருத்தனைத் தனியில வைக்கக் கூடாது. பதினஞ்சு ஆயிடுச்சுன்னா அன்னைக்கே ஜட்ஜுக்குத் தெரியணும். அவரு வெளி டாக்டரை அனுப்புவாரு. இவனுக்கு ஆஸ்பத்திரியா, பொது பிளாக்கான்னு அவரே முடிவு பண்ணுவாரு. அதனால பதினாலாம் நாள் சாயங்காலம் ஆளை வெளிய எடுத்து வேற ரூம்ல விட்டுட்டா, கணக்கு மறுபடியும் ஒண்ணுலேருந்து ஆரம்பம்.

— அப்போ வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு நான் போட்ட கையெழுத்து?

— இப்ப முடியற பதினாலு நாளு.

— ஐயோ.

— விடுங்கம்மா, நீங்க தெரிஞ்சா போட்டீங்க? உங்களுக்கு முன்னாடி இருந்தவரும் போட்டாரு. சொல்றேன் கேளுங்க, எனக்கு யார் மேலயும் கோவமில்ல. ஒரே ஒரு உதவி பண்ணுங்க. அஞ்சு மணி அடிக்கிற வரைக்கும் என்னை இங்கேயே விட்ருங்க.

— அஞ்சு மணிக்கு என்ன?

— இங்க நாள் மாறுறது அஞ்சு மணிக்குத் தலை எண்ணுற தொகையிலதான். மணி அடிக்கிறப்ப நான் இதே அறையில இருந்தா பதினஞ்சு. நான் இதுவரைக்கும் பதினஞ்சைப் பாத்ததில்லம்மா. பதிமூணு, பதினாலு, ஒண்ணு. பதிமூணு, பதினாலு, ஒண்ணு. மொத்தம் எத்தனைன்னு எனக்கே தப்பிப்போச்சு.

— நீங்க வெளிய வாங்க பெயிண்டர். நான் பொறுப்பு. இன்னைக்கே ரிப்போர்ட் எழுதறேன், ஜட்ஜுக்கே அனுப்பறேன்.

— டாக்டரம்மா, உங்களுக்கு முன்னாடி இருந்தவரு மூணு ரிப்போர்ட் எழுதினாரு. எல்லாம் சூப்பரண்டு மேசை வழியாத்தான் போகணும். மூணும் அந்த மேசையோட சரி. நாலாவதா ஒரு தாள் வந்துச்சு, அது அவரோட மாத்தல் உத்தரவு.

— அப்போ எதுதான்ணே நேரா போகும்?

— தொகைத் தாள் ஒண்ணுதான். மணி அடிச்சதும் ஒவ்வொரு அறையிலயும் யாரு, எத்தனையாம் நாளுன்னு நான் எழுதி, அந்த மூலையில இருக்கே மெஷினு, அதுல போடணும். அடுத்த நிமிஷம் கோர்ட்டுல வந்து விழும். அதுல மட்டும் யாரும் கை வைக்க முடியாது.

— அப்படின்னா பெயிண்டர் சொல்றதுல என்னண்ணே தப்பு? இன்னும் இருபது நிமிஷம்தானே?

— நீங்களுமா? நான் சொன்னா கேளுங்க டாக்டரம்மா. இவன் ரவுண்ட்ஸ் வந்த சூப்பரண்டு மேல வாளியை வீசினவன். அதுவும் மொத்த ஸ்டாஃபும் சுத்தி நிக்கிறப்ப. உதடு கிழிஞ்சு நாலு தையல். அந்த மனுஷன் அதை மறப்பாருன்னு நினைக்கிறீங்களா?

— நான் அவரு மேல வீசலய்யா. அவருக்குப் பின்னால நின்னவன் மேல வீசினேன்.

— பின்னால யாரும் இல்லடா.

— இப்ப தெரியுது. அன்னைக்கு இருந்தான்.

— ஒரு நிமிஷம். அந்த ஆளை இப்பவும் பாக்கறீங்களா?

— ஆளு வர்றதில்ல. இந்தத் தண்ணிக்குழாய்தான் பேசுது.

— என்ன பேசுது?

— பெருசா ஒண்ணுமில்லம்மா. சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேக்கும். ராத்திரி மட்டும் கொஞ்சம் அசிங்கமா பேசும்.

— போன திங்கக்கிழமைகூடக் கேட்டேனே. சத்தம் ஏதும் கேக்குதா, சாகணும்னு தோணுதான்னு. ரெண்டுக்கும் இல்லன்னீங்க.

— ஆமான்னு சொன்னா கண்ணாடி ரூமு. போர்வை கிடையாது, துணி கிடையாது, விளக்கு அணையாது. ஒருத்தன் கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே டீ குடிப்பான். தற்கொலை பண்ணிக்காம காப்பாத்தறாங்களாம். ஒரு தடவை நெசத்தைச் சொல்லிப்புட்டு ஒம்பது நாள் இருந்தேன். அதுக்கப்புறம் யாரு கேட்டாலும் நான் நல்லா இருக்கேன்.

— அண்ணே, இது உண்மையா?

— இந்த வரிசையில நாப்பது பேரும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவானுங்க டாக்டரம்மா. நீங்களும் நல்லா இருக்கான்னு எழுதுவீங்க. ஊர்லயே ஆரோக்கியமான இடம் இதுதான்.

— கிண்டலாண்ணே?

— கிண்டல் இல்லம்மா. என் வயித்தெரிச்சல். இன்னும் ரெண்டு மாசத்துல ரிடையர் ஆகறேன். முழுசா வீடு போய்ச் சேரணும். அதுக்குத்தான் கண்ணையும் காதையும் பொத்திக்கிட்டுக் கிடக்கேன். டேய், கடைசியா சொல்றேன், வந்துருடா. வானத்தைப் பாக்க வேணாமா உனக்கு? மழை விட்டு எப்படிப் பளிச்சுன்னு இருக்கு தெரியுமா?

— ஐயா, கதவைச் சாத்துங்கய்யா.

— என்னது?

— கெஞ்சிக் கேக்கறேன், சாத்துங்க. தொறந்தே இருந்தா நான் வந்துருவேன். அந்த வராண்டா மூலையில வெயில் விழுது பாருங்க, அது இங்கேருந்து தெரியுது. போன தடவையும் போகக் கூடாதுன்னுதான் உக்காந்திருந்தேன். முடியலய்யா. காலு என்னைக் கேக்காமயே எந்திரிச்சுப் போயிடுச்சு. இப்பவும் கட்டிலைப் புடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். கை வலிக்குது.

— அண்ணே... இவரு வெளிய வர பயப்படறாருன்னு நாம நினைச்சுக்கிட்டிருக்கோம்.

— நானும் அப்படித்தாம்மா நினைச்சேன்.

— தினம் பாக்கறவரு நீங்க. அந்தக் கால் மணி நேரத்துல இவரு எப்படி இருப்பாரு?

— ஆரம்பத்துல வாயைப் பொளந்துக்கிட்டு மேலயே பாத்துக்கிட்டு நடப்பான். நமக்கே சந்தோஷமா இருக்கும். சட்டம் எப்படியோ போகட்டும், ஒருத்தனுக்குக் காத்து வாங்கித் தர்றோம்னு நினைச்சுக்குவேன். அப்புறம் அப்புறம் தலையையே தூக்கல. போன தடவை கேட்டான். ஐயா, இந்த வானம் எனக்கா, இல்ல ரெஜிஸ்டருக்கான்னு.

— ஐயா, காலு எந்திரிக்குது. சாத்துங்க. சாத்துங்கய்யா!

— அண்ணே, சாத்துங்க.

— டாக்டரம்மா, இவன் தலையைச் செவுத்துல முட்டுவான். சாத்தினதும் பத்து நிமிஷம் அது நடக்கும். எப்பவும் நடக்கறதுதான்.

— அப்போ நான் உள்ள போறேன்.

— விளையாடாதீங்க. தனி அறையில ரெண்டாவது ஆள் கூடாது, அதுவும் ஒரு பொம்பளை. நாளைக்கு என்னைத் தொங்க விட்ருவாங்க.

— நோயாளி பக்கத்துல டாக்டர் இருக்கலாம். அதுக்கு எந்தச் சட்டமும் தடை சொல்லல. இவரை இங்க வெச்சது என் கையெழுத்து. பதினாலு நாள் அவரு இருந்த இடத்துல நான் பத்து நிமிஷம் இருக்கக் கூடாதா? பூட்டுங்கண்ணே.

— உங்களுக்குக் குழந்தை குட்டி இருக்கு.

— இவருக்கும் ஒரு பொண்ணு இருக்கு, ஃபைல்ல படிச்சேன். பூட்டுங்க.

— என்ன பொம்பளைம்மா நீங்க... சரி. தள்ளி உக்காருங்க, கதவு இடிக்கும். டேய், அந்த அம்மாவுக்கு ஒண்ணு ஆச்சு, தோலை உரிச்சுடுவேன்.

— அவங்க மேல கை படாதுய்யா. சத்தியமா.

— பூட்டிட்டேன். மணி நாலு அம்பது.

— பெயிண்டர், முட்டாதீங்க. என் கையைப் புடிச்சுக்குங்க. கட்டிலைப் புடிச்ச மாதிரியே புடிங்க. இறுக்கமா.

— வலிக்கும்மா உங்களுக்கு.

— வலிக்கட்டும்.

— ஹலோ, ஐயா, கேக்குதுங்கய்யா. இன்னும் வரலைங்கய்யா. டாக்டரம்மா பேசிக்கிட்டிருக்காங்க. ஆமாங்கய்யா, பக்கத்துலதான், ரொம்பப் பக்கத்துலதான் இருக்காங்க. சரிங்கய்யா. அனுப்புங்கய்யா.

— அனுப்பச் சொல்லிட்டீங்களாண்ணே?

— வேற என்னத்தைச் சொல்லச் சொல்றீங்க? அவரு சொன்னா நான் சரிங்கணும். முப்பத்தஞ்சு வருஷமா என் வாய்க்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தை அது.

— ஏன் பெயிண்டர், இங்க எப்பவும் இப்படித்தான் காத்து இல்லாம இருக்குமா?

— காத்து இருக்கும்மா. உங்களுக்குப் படபடப்பு. மொத நாள் எல்லாருக்கும் வரும். கண்ணை மூடாதீங்க, மூடினா ரூமு சின்னதாகும். இந்தச் செவுத்தைப் பாருங்க. நகத்தால சுரண்டி வெச்சிருக்கேன் பாருங்க, ஒண்ணு மேல ஒண்ணா ஏழு கோட்டு பெயிண்ட். மேல இருக்கிற சாம்பல் மட்டமான பெயிண்ட், தண்ணி கலந்து அடிச்சிருக்கான் திருட்டுப்பய. மூணாவது பச்சை நல்ல பச்சை. எவனோ தொழில் தெரிஞ்சவன் ரெண்டு கை ஓட்டியிருக்கான். அதையே பாத்துக்கிட்டிருங்க, நெஞ்சு அடங்கும்.

— நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதை நீங்க எனக்குச் சொல்றீங்க.

— நான் சீனியராச்சேம்மா.

— அண்ணே, மணி என்ன ஆச்சு? அஞ்சாகியிருக்கணுமே?

— நாலு அம்பத்திரெண்டு.

— ரெண்டு நிமிஷமா? ரெண்டே நிமிஷமா ஆச்சு?

— சொல்றேன் கேளுங்க, இங்க மணியைக் கேக்கக் கூடாதும்மா. கேட்டா ஓடாது.

— வேற ஏதாவது பேசுங்க. உங்க பொண்ணைப் பத்திச் சொல்லுங்க.

— முகம் போயிடுச்சும்மா. நேத்து பூராவும் தேடினேன், வரல. முன்பல்லு ரெண்டும் விழுந்த வாய் மட்டும் வருது. அதுக்கு மேல ஒண்ணும் வரல. அந்தப் பல்லுகூட இந்நேரம் முளைச்சிருக்கும். அதான் பயமா இருக்கு. இன்னும் ஒரு பதினாலு போனா அந்த வாயும் போயிடும். அதுக்கப்புறம் எனக்கு இந்தக் குழாய் மட்டும்தான்.

— போகாது. நான் விட மாட்டேன். பெயிண்டர், என்னைப் பாருங்க, அழுங்க, பரவாயில்ல. நானும் அழறேன் பாருங்க.

— பூட்ஸ் சத்தம்.

— எனக்கு ஒண்ணும் கேக்கலையே?

— எனக்குக் கேக்கும். பத்துப் பேர் இல்ல, பன்னெண்டு. ரெண்டாவது கேட்டைத் தாண்டிட்டாங்க. அம்மா, அவங்க வந்தா நான் கத்துவேன், கடிப்பேன். அது நான் இல்லம்மா. தப்பா நினைச்சுக்காதீங்க.

— அண்ணே! வந்துட்டாங்களா?

— கம்பிக்கதவுகிட்ட நிக்கறானுங்க. வாங்கப்பா, வாங்க. இருங்க இருங்க, தொறக்கறேன். என்ன அவசரம், கோட்டையா புடிக்கப் போறீங்க? அட, இந்தச் சாவி இல்ல. இதுவும் இல்ல போலிருக்கே. கண்ணாடியை எங்க வெச்சேன்? வயசாச்சுப்பா, உங்களுக்கும் ஆகும். கேடயத்தால இடிக்காதீங்க, கதவு கோணினா சம்பளத்துல புடிப்பாங்க.

— பெயிண்டர், அவரு என்ன பண்றாரு?

— கம்பிக்கதவுக்கு ஒரே சாவிம்மா. பித்தளைச் சாவி. ஐயாவுக்கு அது கண்ணை மூடிக்கிட்டே தெரியும்.

— ஹலோ, ஐயா. தொறந்துக்கிட்டேதாங்கய்யா இருக்கேன். சாவி சிக்கிக்கிச்சுங்கய்யா. எண்ணெய் போடச் சொல்லி ரெண்டு தடவை எழுதிக் கொடுத்தேங்கய்யா. ஐயா? ஐயா, சரியா கேக்கல. சிக்னல் இல்லீங்கய்யா. ஐயா?

— இவ்வளவு நேரம் போன்ல நல்லாத்தானே கேட்டுச்சு அவருக்கு?

— முப்பத்தஞ்சு வருஷத்துல ஐயா மொத தடவையா சரிங்கய்யான்னு சொல்லலம்மா.

— அண்ணே, உள்ள நான் இருக்கேன்னு சொல்லிடுங்க. கதவை உடைச்சா டாக்டரைத்தான் அடிக்கணும்னு சொல்லுங்க.

— கேட்டுச்சாப்பா? உள்ள டாக்டரம்மா இருக்காங்க. ஆமா, உள்ளதான், கட்டில்லதான் உக்காந்திருக்காங்க. ஒரு அடி அவங்க மேல விழுந்துச்சு, நாளைக்கு உங்க வேலையும் சேர்ந்து போகும். இப்ப சொல்லுங்க, இடிக்கறீங்களா? யோசிங்க, யோசிங்க. நல்லா யோசிங்க.

— மணி!

— அடிக்குது, அடிக்குது பெயிண்டர்! எண்ணுங்க.

— ஒண்ணு, ரெண்டு... மூணு... நாலு... அம்மா, நாலோட நின்னுடுமா?

— அஞ்சு! அஞ்சும் அடிச்சிடுச்சு. பதினஞ்சு பெயிண்டர், பதினஞ்சைப் பாத்துட்டீங்க.

— இன்னும் இல்லம்மா. ஐயா எழுதணும்.

— எழுதுவாரு. அண்ணே? அண்ணே! ஏன் பதிலே இல்ல?

— எழுதறாரு. பேனா சத்தம் கேக்குது. ஆனா என்னவோ தப்பா இருக்கும்மா. ரெண்டு எழுத்து எழுத இவ்வளவு நேரமா? பேனா நின்னுடுச்சு. மறுபடி எழுதறாரு. ஒண்ணுன்னு எழுதிட்டாருன்னா?

— எழுத மாட்டாரு.

— அவரு நல்லவரும்மா. நல்லவருதான் ஒவ்வொரு தடவையும் ஒண்ணுன்னு எழுதினாரு.

— மெஷின் சத்தம் எனக்கே கேக்குது.

— ஐயா, என்ன எழுதினீங்க? ஐயா!

— கத்தாதடா. இதோ வந்துட்டேன்ல. ஓட்டைகிட்ட வாங்க டாக்டரம்மா. அனுப்பியாச்சு. அவனுங்க இன்னும் கம்பிக்கதவுக்கு வெளியதான். இனிமே சூப்பரண்டே வந்தாலும் அந்தத் தாளைத் திரும்பப் புடுங்க முடியாது.

— பதினஞ்சுதானேண்ணே?

— பதினஞ்சுன்னு எழுதத்தான் உக்காந்தேன். இவனுக்கு அது போதும். ராத்திரிக்குள்ள ஜட்ஜு ஆள் அனுப்பிடுவாரு. எனக்கும் பெரிய சேதாரமில்ல. கதவு சிக்கிக்கிச்சு, ஒரு நாள் தவறிப்போச்சுன்னு ஒரு மெமோ கொடுப்பாங்க, வாங்கிக்கிட்டு பென்ஷனோட வீட்டுக்குப் போயிருப்பேன்.

— போயிருப்பேன்னா? அப்புறம் என்னதான் எழுதினீங்க?

— முப்பது தடவை இந்தக் கையாலதாம்மா ஒண்ணுன்னு எழுதினேன். முப்பது பதினாலையும் இன்னைக்கு ஒரு நாளையும் கூட்டி, ஒவ்வொரு தேதியையும் போட்டு, அடியில கையெழுத்தும் போட்டுட்டேன். நானூத்தி இருபத்தொண்ணு.